புதுப்பிப்பு: சைக்கிள் ரேக் வாங்கியாச்சு, ரூஃப்தான்

பாண்டில இருக்கோம், ஹேட்ச்பேக் கார், ரெண்டு சைக்கிள், டிக்கில ஸ்ட்ராப் போட்டு மாட்டுற ரேக்கா இல்ல ரூஃப் ரேக்கான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பாதி பேரு செலவு கம்மி டிக்கி போதும்னீங்க, அதனால ஃப்ரெண்டோட டிக்கி ரேக்க வாங்கி மாட்டிப் பாத்தோம். நம்பர் பிளேட்டும் டெயில் லைட்டும் மறையுது, போலீஸ் நிறுத்துனா என்ன சொல்றது? பின் கண்ணாடிக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் ஸ்பாய்லர் வேற, அதுல கொக்கி மாட்டி வெயிட் ஏத்துனா உடையும்.

ரூஃப்ல இந்த தொல்லையெல்லாம் இல்ல, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி கார் மேனுவல்ல ரூஃப் லோடு லிமிட் (ரூஃப் எவ்ளோ வெயிட் தாங்கும்னு) பாத்துக்கோங்க, ரேக்க மாட்ட ரூஃப்ல போடற குறுக்கு பார், ரேக், சைக்கிள் எல்லாம் சேத்துதான் அந்த கணக்கு.

ஈசிஆர்ல மரக்காணம் பக்கம் போறப்ப உப்பளம் ஓரமா கடல் காத்து சைடுல தள்ளும், அங்க மெதுவாதான் போறேன். ஸ்ட்ராப்ல விர்ர்ருனு சத்தம் வந்துச்சுன்னா ஒரு முறுக்கு விட்டு கட்டுங்க, நின்னுரும். வீடு வந்ததும் போல்ட்டெல்லாம் நல்ல தண்ணில கழுவி தொடச்சிருங்க, நம்ம ஊர் உப்புக் காத்துக்கு துரு சும்மா விடாது.

லேடீஸ் சைக்கிளுக்கு எந்த ரேக்னு கடலூர்லேந்து கேட்டிருந்த அக்காவுக்கு: அதுல மேல் பார் இல்லாததால ஃப்ரேம புடிக்கற மாடல் சரிப்படாது, வீல புடிக்கற மாடலா பாருங்க. கார்பன் ஃப்ரேமுக்கும் அதேதான். அப்புறம் பேஸ்மென்ட் பார்க்கிங்ல நுழையறதுக்கு முன்னாடி மேல சைக்கிள் இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கோங்க!