கரன்ட் போனா சம்ப் வழியுது, வந்தா டேங்க் வழியுது

வியாசர்பாடி மீன்தொட்டி:
4×1½×1½ அடி மீன் டேங்க், கீழே 2×1×1 அடி சம்ப் (மேல இருந்து இறங்குற தண்ணி சேர்ற தொட்டி, மோட்டார் அதுல இருந்துதான் திரும்ப ஏத்தும்). கண்ணாடில ஓட்டை போடல, டேங்க் விளிம்புல மாட்டி, யு குழாய் வழியா தண்ணிய கீழே இறக்குற தொங்கு பாக்ஸ்தான். கரன்ட் கட்டானா சம்ப் நிரம்பி தரையெல்லாம் தண்ணி. திரும்ப வந்தா மோட்டார் ஏத்துது, யு குழாய் இழுக்கல, மேல வழியுது. பெரிய பைப் போட்டா சரியாகுமா?

கொளத்தூர்வாசி:
பைப் சைஸ் காரணமில்ல ப்ரோ. ரெண்டும் தனித்தனிப் பிரச்சினை.

மோட்டார் நின்னதும், தண்ணிய மேல ஏத்துற ரிட்டர்ன் பைப்பே சைஃபனா (தானா தண்ணிய கீழே இழுக்கிற குழாயா) மாறி, அதோட வாய்க்குக் காத்து கிடைக்கிற வரைக்கும் மேல்தண்ணிய கீழே இழுக்கும். உங்க டேங்க்ல 1 செ.மீ. உயரம்னா சுமார் 5½ லிட்டர். வாய் 8 செ.மீ. முங்கியிருந்தா 44 லிட்டர் இறங்கும். சம்ப் மொத்தமே 56 லிட்டர், அதுல பாதி ஏற்கெனவே தண்ணி. வாயை மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே வையுங்க. ஆழமாத்தான் வேணும்னா, மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பைப்ல 3 மி.மீ. ஓட்டை போடுங்க. பாசி அடைக்கும், வாரா வாரம் குத்தி விடணும். நான்-ரிட்டர்ன் வால்வை (தண்ணிய ஒரே பக்கம் மட்டும் விடுற வால்வு) மட்டும் நம்பாதீங்க. சின்ன நத்தை சிக்கினாலே மூடாது.

யு குழாய் இழுக்காம நின்னு போறதுக்குக் காரணம், உச்சியில சேர்ற காத்து. ஓட்டம் மெதுவா இருந்தா குமிழி அடிச்சிட்டுப் போகாம அங்கேயே தங்கும். ரெண்டு குழாய் இருந்தா ஒண்ணை எடுத்துடுங்க, மிச்சத்துல வேகம் கூடும். ஆனா அந்த ஒரே குழாய் மோட்டார் ஓட்டத்தைத் தாங்குதான்னு பக்கத்துல நின்னு பாத்துட்டு விடுங்க. கரன்ட் இல்லாதப்போ ரெண்டு முனையும் முங்கியே இருக்கணும்.

ராயபுரம் ரீஃப்:
ஓட்டை போட்ட டேங்க்தான் நிரந்தரத் தீர்வு. கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகள்ல புதுசா ஆர்டர் கொடுத்தா ஓட்டையோடயே கேளுங்க. டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கின) கண்ணாடில மட்டும் கை வைக்காதீங்க, மொத்தமா நொறுங்கிடும்.

ஓட்டைல பைப்பை மாட்ட ரெண்டு டேங்க் கனெக்டர், தண்ணி இறங்க ரெண்டு பைப். ஒண்ணுல கேட் வால்வு வெச்சு, காத்தே இல்லாத முழு சைஃபனா ஓட்டுங்க, சத்தமே வராது. பால் வால்வுல அவ்வளவு நுணுக்கமா திருப்ப முடியாது. ரெண்டாவது பைப்போட வாய் முதல் வாயை விட 3 செ.மீ. உயரத்துல சும்மா நிக்கட்டும். முதல் பைப்பை இலை அடைச்சா அதுதான் காப்பாத்தும். சைஃபன் பைப்போட கீழ்முனை சம்ப் தண்ணில 2 செ.மீ. முங்கினா போதும். அதிகம் போனா உள்ள இருக்கிற காத்து வெளியேறாம சைஃபன் பிடிக்காது.

கொளத்தூர்வாசி:
மீன் விடுறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை பண்ணுங்க. மோட்டாரை நிறுத்தி, சம்ப் மட்டம் விளிம்பத் தொடாம நிக்குதா பாருங்க. திரும்ப ஓட விட்டு, ஓடும்போது சம்ப்ல இருக்கிற மட்டத்துல மார்க்கர் கோடு போடுங்க. அதுக்கு மேல ஊத்தவே கூடாது. அப்புறம் இறங்குற பைப் எல்லாத்தையும் அடைச்சிட்டு மோட்டாரை ஓட்டுங்க. சம்ப்ல மோட்டார் இருக்கிற அறைத் தண்ணி மொத்தமும் மேல ஏறினாலும் டேங்க் வழியக்கூடாது. வழிஞ்சா தடுப்புக் கண்ணாடியை நகர்த்தி அந்த அறையைச் சின்னதாக்குங்க. தண்ணி தீர்ந்ததும் மோட்டாரை உடனே நிறுத்துங்க, காஞ்சு ஓடினா ஷாஃப்ட் போயிடும்.