சித்தப்பாவின் ஊசியில் இருந்த சர்க்கரை

பட்டர்வொர்த்திலிருந்து:

தைப்பூசத்துக்கு லண்டனிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். காலையில் பசியாற உட்கார்ந்தபோது அம்மா தோசைக்கு நெய் ஊற்றப் போனார். தட்டைக் கையால் மறைத்துக்கொண்டே, "நெய் வேணாம் அண்ணி. கொழுப்புக்கு இப்ப ஊசி போட்டுக்கிறேன், வருசத்துக்கு ரெண்டே தடவை" என்றார் சித்தப்பா. மருந்தின் பெயரைக் கேட்டேன். இன்க்ளிசிரான். அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் நான் மல்லுக்கட்டிய எஸ்ஐஆர்என்ஏ (ஒரு புரதம் உருவாகாமல் தடுக்கும் குட்டி ஆர்என்ஏ இழை) வகை மருந்து அது.

சித்தப்பாவுக்கு ஒரே கவலை. "இந்த மருந்துல சர்க்கரை ஒட்டியிருக்குன்னு நர்ஸ் சொன்னாங்கம்மா. எனக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கே?"

இது குளுக்கோஸ் இல்லை, கேல்நாக் என்ற வேறு சர்க்கரை என்று விளக்கினேன். மருந்தின் ஒரு முனையில் மூன்று கிளையாக ஒட்டியிருக்கும். கல்லீரல் செல்களின் மேல் இதைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் நிறைய உண்டு. அதனால் தோலுக்கடியில் போட்ட ஊசி நேராகக் கல்லீரலைத் தேடிப் போகிறது. அங்கே பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைச் செய்யச் சொல்லும் செய்தியான எம்ஆர்என்ஏவை அழிக்கிறது. அந்தப் புரதம் குறைந்தால், ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை கல்லீரல் கூடுதலாக அள்ளிக்கொள்ளும். ரத்தத்தில் அந்தக் கொழுப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஒரு ஊசியில் மொத்த மருந்தே 284 மில்லிகிராம்தான். ஒரு மிடறு தே தாரிக்கில் அதைவிட அதிகச் சர்க்கரை இருக்கிறது.

சரி, ஆய்வகக் கதைக்கு வருகிறேன். முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை, எந்த மாற்றமும் செய்யாத எஸ்ஐஆர்என்ஏவை மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் கலந்து 37 டிகிரியில் வைத்து, அவ்வப்போது கொஞ்சம் எடுத்து ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பது. உடையாத ஆர்என்ஏ அதில் ஒரு பட்டையாகத் தெரியும். புற ஊதா விளக்கைப் போட்டதும் முதல் தடத்தில் பளிச்சென்று ஒரு பட்டை தெரிந்தது. அடுத்தடுத்த தடங்களில் மங்கிக்கொண்டே போய், மறுநாள் காலை எடுத்த மாதிரியில் புகை மாதிரி ஒரு தீற்றல்கூட இல்லை. சீரத்தில் இருக்கும் நொதிகள் தின்றுவிட்டன.

ஆர்என்ஏ இழையின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சர்க்கரை உண்டு. அதன் இரண்டாவது கார்பனில் ஓர் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) இருக்கிறது. ஆர்என்ஏ சீக்கிரம் அறுபடுவதற்கு அதுதான் முக்கியக் காரணம். அந்த இடத்தில் ஃபுளோரினையோ மெத்தாக்சியையோ வைக்கலாம். இழையின் முனைகளில் பாஸ்பேட்டின் ஓர் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தை வைக்கலாம். நான் ஆர்வத்தில் எல்லா இடத்திலும் மெத்தாக்சி போடச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டேன். வந்த மூலக்கூறு சீரத்தில் இரண்டு நாள் ஆகியும் அசையவில்லை, பட்டை அப்படியே நின்றது. படமெடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். பிறகு செல்களில் போட்டுப் பார்த்தால் ஒரு வேலையும் செய்யவில்லை. உள்ளே இந்த இழையைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஆர்கோநாட் புரதத்துக்கு, எல்லா இடமும் மெத்தாக்சியாக இருந்தால் பிடி கிடைப்பதில்லை. அன்று மாலை ஃபெரியில் திரும்பும்போது அழுதுவிட்டேன். ஃபுளோரினும் மெத்தாக்சியும் மாறி மாறி வைத்த பிறகுதான் உடையாமல் இருப்பதும் வேலை செய்வதும் சேர்ந்து அமைந்தது. மருந்து உடையாமல் இருந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கோலாலம்பூரிலிருந்து, மருந்தாளர்:

அக்கா, படித்ததும் 2021 ஞாபகம் வந்தது. இங்கே ஒரு தடுப்பூசி மையத்தில் ஃபைசர் குப்பிகளைக் கலக்கும் மேசையில் இருந்தேன். உறைநிலை தெளிந்த குப்பியில் 1.8 மில்லி உப்புநீர் விட்டு, பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கவே கூடாது. புதிதாக வந்த தம்பி ஒருவர் அவசரத்தில் இருமல் மருந்துபோல் குலுக்கிவிட்டார். எம்ஆர்என்ஏவைச் சுற்றியிருக்கும் கொழுப்பு நுண்துகள் கெட்டுப்போயிருக்கலாம் என்று அதை ஒதுக்கிவிட்டோம். ஒரு குப்பி என்றால் ஆறு பேருக்கான ஊசி. வெளியே வெயிலில் வரிசை நின்றது. அந்தத் தம்பி முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது, பாவம்.

அந்த எம்ஆர்என்ஏவிலும் யூரிடின் என்ற கண்ணி இருக்கும் இடமெல்லாம், அதைக் கொஞ்சம் மாற்றிய, மெத்தில் சேர்த்த சூடோயூரிடின்தான். மாற்றாத ஆர்என்ஏவை உடம்பு வைரஸ் வந்துவிட்டது என்று எதிர்க்கும். சூடோயூரிடினை வைத்தால் அந்த எதிர்ப்பு அடங்குகிறது என்று காரிக்கோ, வைஸ்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2005இல் எழுதினார்கள். 2023இல்தான் நோபல் கிடைத்தது.

செந்தூலிலிருந்து:

எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டுத் தசைநலிவு. வெளிநாட்டில் நியூசினெர்சென் என்ற, ஆர்என்ஏவைக் குறிவைக்கும் மருந்தைப் போடுகிறார்கள், நான்கு மாதத்துக்கு ஒரு முறை முதுகில். கையில் போட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தோம்.

பட்டர்வொர்த்திலிருந்து:

ரத்தத்திலிருந்து அது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்ச் சேராது, அதனால்தான் தண்டுவட நீரிலேயே விடுகிறார்கள். கல்லீரலுக்குக் கேல்நாக் கிடைத்ததுபோல் நரம்புக்கும் ஒரு வழி கிடைக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். குழந்தை நல்லபடியாக இருக்கட்டும்.

இன்னொன்றும் சித்தப்பா கேட்டார். ரத்தத்தில் இரண்டு நாளுக்குமேல் தங்காத மருந்து எப்படி ஆறு மாதம் வேலை செய்கிறது என்று. செல்லுக்குள் அமிலப் பைகளில் பெரும்பகுதி சிக்கிக்கொள்கிறது. சாதாரண ஆர்என்ஏ அங்கேயே கரைந்துபோகும். ஃபுளோரினும் கந்தகமும் காப்பாற்றுவதால் இது கரையாமல் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வந்துகொண்டே இருக்கிறது.

மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோவில் படியில் மூச்சு வாங்க நின்றபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "அது வேற சர்க்கரைங்க. கல்லீரலுக்கு வழி காட்டுற சர்க்கரை."