ஆழ்கடலுக்குப் பழக ஸ்ராங்கு (படகை நடத்தும் தலைவர்) வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி (ராமேஸ்வரம்):
பாக் நீரிணையில் இழுவைமடி (வலையை இழுத்துப் போகும் விசைப்படகு) ஓட்டியவன் நான். மானியத்தில் சூரை மீன் (டூனா) பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகுக்கு மாறிவிட்டேன். இங்கே சாயங்காலம் போனால் மறுநாள் கரை. வாரக்கணக்கில் கடலில் கிடந்து பழக்கமில்லை. ஆழ்கடலில் பழகிய, கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்து ஸ்ராங்கு ஒருவரைக் கூப்பிடலாமா? சம்பளமா, பங்கா?

பதில் (வள்ளவிளை):
தாராளமாகக் கூப்பிடுங்கள் அண்ணே. ஆனால் பங்கு மட்டும் பேசினால் அவர் மீனைத்தான் பார்ப்பார், உங்களை எங்கே பார்ப்பார்? பழகும்வரை நாள் சம்பளம், மேலே சின்னப் பங்கு. தூண்டில் இறக்கும்போது சுக்கான் உங்கள் கையில் இருக்கட்டும், அவர் பக்கத்தில் நின்று சொல்லட்டும். நீரோட்டம் பார்த்துக் கயிறு விடுவது வேடிக்கை பார்த்து வராது. அப்புறம், அவர் மீன் கிடைக்கும் இடங்களைக் குறித்து வைத்திருக்கும் ஜிபிஎஸ் புள்ளிகளை மட்டும் கேட்காதீர்கள், முகம் மாறிவிடும்!

பதில் (தங்கச்சிமடம்):
கேரை (மஞ்சள்துடுப்புச் சூரை) படகில் ஏறியதும் இரத்தம் வடித்து, குடலும் செவுளும் எடுத்து ஐஸில் புதைப்பதைப் பையன்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். தாமதித்தால் அதன் உடம்புச் சூட்டிலேயே சதை கெட்டு, விலை போய்விடும்.

பதில் (குளச்சல்):
புயல் எச்சரிக்கை வந்தால் திரும்பச் சம்மதிப்பாரா என்று முதலிலேயே கேளுங்கள். 2017 ஒக்கிப் புயலில் எங்கள் மாவட்டம் பட்டது போதும்.

கேட்டவர்:
சரி அண்ணே. டீசல், ஐஸ் கழித்த பிறகுதானே பங்கு?

வள்ளவிளை:
ஆமாம், சாப்பாட்டுச் செலவும் கழித்து.