சீ ஹாரியரைப் பக்கத்தில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நான் ஐ.என்.எஸ். விராட் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் வேலை பார்த்தவன், சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். அந்தக் கப்பலிலிருந்து பறந்த கடற்படைப் போர் விமானமான சீ ஹாரியர் 2016 மே 11 அன்று கோவாவில் ஓய்வு பெற்றது. அதை நேரில் பார்த்தவர்கள், சத்தத்தையாவது கேட்டவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் நான்.

கிளம்புவதில் பெரிய விசேஷம் இல்லை. தளத்தில் ஓடிவந்து, முகப்பில் மேல்நோக்கி வளைந்திருக்கும் ஸ்கை ஜம்பில் ஏறி எகிறிவிடும். இறங்குவதுதான் அதிசயம். கப்பலின் இடது பக்கமாக வந்து, கப்பல் போகும் வேகத்திலேயே அந்தரத்தில் நிற்கும். அப்புறம் பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு மேலே வந்து, பொத்தென்று உட்காரும். மற்ற விமானங்கள் இறங்கிய பிறகு நிற்கும், இது நின்ற பிறகு இறங்கும். பிடித்து நிறுத்தக் கம்பி வேண்டாம், தூக்கி எறிய கேட்டபுல்ட் வேண்டாம். சின்னக் கப்பலுக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது.

ஆனால் நம் கடலின் வெயில் அதற்கு ஆகாது. காற்று சூடானால் இன்ஜினின் தள்ளுவிசை குறையும். நேராகக் கீழே இறங்க, விமானத்தின் எடையைவிட அந்த விசை கூடுதலாக இருக்க வேண்டும். அதனால் எடையைக் குறைத்துக்கொண்டுதான் கப்பலுக்கு வர முடியும். கைவசம் எரிபொருளும் அதிகம் இருக்காது. இன்ஜினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சி இன்னும் கொஞ்சம் விசை எடுப்பார்கள். அந்தத் தண்ணீரும் ஒன்றரை நிமிடம் போல்தான் தாங்கும். சக்கரம் தளத்தைத் தொடுகிறவரை எங்களில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

*

அண்ணா, என் அப்பா கோவாவின் ஹன்சா கடற்படை விமானத் தளத்தில் இருந்தார். நாங்கள் பக்கத்து ஊரான வாஸ்கோவில் வளர்ந்தோம். ஹாரியர் அந்தரத்தில் நிற்கும்போது வரும் சத்தம் தனி ரகம். ஜன்னல் கண்ணாடி அதிரும், அம்மா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடற்படை வாங்கிய சுமார் முப்பது ஹாரியர்களில் பாதிக்கு மேல் விபத்துகளில் போயின. விமானிகளையும் இழந்தோம். விபத்துச் செய்தி வந்த நாட்களில் எங்கள் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டிலும் டிவி ஓடாது. அதன் பெருமையைப் பேசும்போதெல்லாம் அவர்கள் நினைவும் எனக்குக் கூடவே வரும்.

*

நான் கப்பலில் ஏறியதில்லை, சிறு வயதிலிருந்து ஹாரியர் பைத்தியம், அவ்வளவுதான். 1982-ல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் தலைமைக் கப்பலாக இருந்த ஹெர்மிஸ் என்ற கப்பல்தான் பிறகு நம் விராட் ஆனது. அந்தப் போரில் ஒரு சீ ஹாரியர்கூட வான் சண்டையில் வீழ்த்தப்படவில்லை. அவ்வளவுக்கும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டாத விமானம்.

நம்மிடம் 1983 டிசம்பரில் வந்தது. பிற்காலத்தில் இஸ்ரேல் ரேடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்தினார்கள். ஆனால் பிரிட்டன் 2006-லேயே சீ ஹாரியரைக் கைவிட்டுவிட்டது. உதிரிபாகம் கிடைக்காமல், இருக்கிற சில விமானங்களை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஓட்டுவது? ஓய்வு கொடுத்தது சரிதான் என்பேன். அதை ஓட்டிய ‘வெள்ளைப் புலிகள்’ படைப்பிரிவைக் கலைக்காமல் மிக்-29கே விமானங்களைக் கொடுத்ததில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய ஆறுதல்.

*

மறுபடி நான்தான். தம்பி சொல்வது நியாயம். தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன்.

போன வருடம் குடும்பத்தோடு கோவா போனபோது, போக்மாலோ சாலையில் இருக்கும் கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஒரு சீ ஹாரியர் நிற்கிறது. பேத்தி படம் எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நானோ குனிந்து, கப்பலில் கட்டுவதுபோல் சக்கரத்தைத் தளத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.