துணிக் குப்பையைத் தடுக்க மாநகராட்சி மானியம்: சேலத்துக்கு வேண்டுமா?

அம்மாபேட்டை அக்கா:
போகிக்கு மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் பாலியஸ்டர் புடவை ஒன்று உருகி, தாரைப் போல ரோட்டோடு ஒட்டிக் கிடந்தது. தூய்மைப் பணியாளர் அம்மா மண்வெட்டியால் சுரண்டியும் வரவில்லை. பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பழைய துணி குப்பைக்கே வராமல் தடுக்கிற தெருக் குழுக்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் நம் மாநகராட்சி சிறு மானியம் தரலாமே? அமெரிக்காவில் சியாட்டில் நகரம் குப்பையைக் குறைக்கிற உள்ளூர்க் குழுக்களுக்குத் தருகிறது. பிரான்சில் 2023 நவம்பரில், துணி, செருப்பைச் சரிசெய்தால் பில்லில் 6 முதல் 25 யூரோ வரை கழிக்க ஆரம்பித்தார்கள்.

கொண்டலாம்பட்டி தறி:
எனக்கு உடன்பாடில்லைங்க. பிரான்சில் அந்தப் பணத்தைக் கட்டுவது துணி, செருப்பு விற்கிற கம்பெனிகள். நீங்கள் கேட்பது நம் சொத்துவரிப் பணம். எங்கள் பட்டறையில் நூல் வேஸ்ட் ஒரு கைப்பிடிகூடக் குப்பைக்குப் போகாது. மூட்டை கட்டி வைத்தால் வியாபாரி வந்து எடை போட்டு எடுத்துப்போவார். லேத் பட்டறைகளில் எண்ணெய் துடைக்க அதுதான். விலை இருக்கிற பொருளுக்கு மானியம் எதற்கு? மானியம் நின்ற மாதமே குழுவும் நின்றுவிடும்.

அம்மாபேட்டை அக்கா:
தறி வேஸ்ட் ஒரே ரகம் அண்ணா, அதனால் விலை போகிறது. வீட்டுத் துணியில் பருத்தியும் பாலியஸ்டரும் ஒரே நூலில் கலந்திருக்கும். பட்டன், ஜிப், ஜரிகை வேறு. பிரிக்கிற கூலிக்கே கட்டாது. எங்கள் பாட்டியின் பருத்திச் சேலை தூளியானது, அப்புறம் அடுப்படியில் கரித்துணியானது. இப்போதைய புடவை தண்ணீரையே உறிஞ்சாது, தரை துடைக்கக்கூட ஆகாது.

ஏற்காடு வாசி:
சேகரிப்பதற்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. மார்கழியில் கீழேயிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய துணி கொண்டுவந்து மலைக் கிராமங்களில் தருகிறார்கள். நல்ல மனசுதான். போன முறை ஒரு மூட்டையைப் பிரித்தோம்: பட்டன் இல்லாத சட்டைகள், முழங்கால் கிழிந்த பேண்ட், கல்யாண மண்டப அலங்காரத் துணி. ஸ்வெட்டர் இரண்டே இரண்டு. மிச்சமெல்லாம் இன்னும் ஓடையோரம் கிடக்கிறது.

கொண்டலாம்பட்டி தறி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். 2023 மே மாதம் நாடு முழுக்க நகரங்களில் பழைய துணி, புத்தகம், பொம்மை வாங்க மையங்கள் திறந்தார்கள். வெளியூரில் நான் பார்த்த ஒன்றில் துணி குவிந்து, சாரலில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. வந்த எடைக்குக் கணக்கு இருந்தது. எத்தனை துணி மறுபடி யார் உடம்புக்குப் போனது என்பதற்கு இல்லை.

செவ்வாய்பேட்டை டெய்லர்:
22 வருடமாக மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். ஜீன்ஸுக்கு ஜிப் மாற்றப் பழைய தையலைப் பிரிக்கவே கால் மணி நேரம் ஆகும். 60 ரூபாய் கேட்டால், "புதுசே 300க்குக் கிடைக்குதே" என்று திருப்பி எடுத்துப்போகிறார்கள். அந்த நேரத்தில் ஜாக்கெட் தைத்தால் எனக்குக் கட்டும். ஆல்டரேஷன் எடுப்பதையே குறைத்துவிட்டேன். மானியம் கொடுத்தால் வார்டு கட்டடத்தில் ஓர் அறை, நாலு மிஷின், ஒரு ஓவர்லாக், பிரிக்கிற ஆளுக்குக் கூலி என்று கொடுக்கட்டும்.

கொண்டலாம்பட்டி தறி:
அதற்கு நமக்கு நாமே திட்டம் இருக்கே? மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி அரசு போடும். கைக்காசு போட்டவர்தான் கடைசிவரை நிற்பார்.

அம்மாபேட்டை அக்கா:
அது பெரும்பாலும் பூங்கா, கட்டடம், விளக்கு என்று போகிறது. பீடி சுற்றி, கொலுசு பற்றவைக்கப் பொடி வைத்துப் பிழைக்கிற பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு எங்கே போவார்கள்? சியாட்டிலில் தன்னார்வ உழைப்பையும் பங்காக ஏற்கிறார்கள். நாமும் அப்படிக் கேட்கலாம்.

கொண்டலாம்பட்டி தறி:
உழைப்பைப் பங்காக எடுப்பது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 60 வார்டுக்கும் ஒரே நேரத்தில் என்றால் எதிர்ப்பேன். ஒரு வார்டு, ஒரு வருடம், பணம் தவணையாக. எடையைக் காட்டக் கூடாது, சரிசெய்து வீட்டுக்குத் திரும்பிய துணியைக் காட்ட வேண்டும்.

செவ்வாய்பேட்டை டெய்லர்:
அது கஷ்டமே இல்லை, ஒவ்வொரு துணிக்கும் ரசீது போடலாம். குகைப் பக்கம் அறை கிடைத்தால் ஞாயிறு காலை நான் வந்து தையல் பிரிக்கச் சொல்லித் தருகிறேன். தைக்க ஆள் கிடைக்கிறது, துணி கிழியாமல் பிரிக்கத் தெரிந்தவர்கள்தான் கம்மி.