சும்மா உட்காரத் தெரியாதவர்கள் சாட்சி சொல்லுங்கள்

பாளை டீச்சர்:

சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் அதற்கென்று ஒரு போக்கு உண்டு. கஷ்டம் வந்தது, முழங்கால் போட்டேன், கர்த்தர் அற்புதம் செய்தார், அல்லேலூயா. என் கதை அந்தப் போக்கில் போகாது. அதனால் கோயிலில் எழுந்து நிற்கவில்லை, இங்கே சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை நான். ஆறு, ஏழு வகுப்புகளுக்குக் கணக்கு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓய்வுநாள் பள்ளி, எட்டரைக்குப் பாடற்குழுவில் சொப்ரானோ என்கிற மேல்குரலில் முதல் வரிசை, மதியம் பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் வரவு செலவு. செவ்வாய் வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாட்டுப் பயிற்சி. "ஓய்வுநாள் பள்ளிங்கிறியே, அதுல ஓய்வு எங்கட்டி இருக்கு?" என்று எங்க வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். முறைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

போன டிசம்பரில், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப விடியற்காலை ஆகும். பனியில் பாடிப் பாடி ஜனவரி இரண்டாம் வாரம் குரல் சுத்தமாகப் போய்விட்டது. தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார். கிசுகிசுப்பாகப் பேசலாமா என்று சீட்டில் எழுதிக் கேட்டேன். அது இன்னும் கெடுதலாம்.

எங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. வாசிப்பதும் நான், பாட்டு எடுப்பதும் நான், ஜெபிப்பதும் நான். மிஷனரிகளில் தொடங்கி மாமியாரின் முழங்கால் வலி வரைக்கும் ஒன்றையும் விட மாட்டேன். எங்க வீட்டுக்காரர் கடைசியில் "ஆமென்" சொல்வார், அவ்வளவுதான். அன்றைக்கு நான் வேதப்புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். 119-ம் சங்கீதத்தைத் தொடங்க வேண்டிய நாள் அது. 176 வசனம் ஆயிற்றே, ராத்திரிக்கு எட்டு வசனம் என்று 22 பகுதியாகத்தான் வாசிப்போம். எழுத்துக்கூட்டுகிற பையன் மாதிரி வாசித்து முடித்தார். பிறகு கண்ணை மூடினார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மின்விசிறி ஓடுகிறது. தூங்கிவிட்டாரோ என்று ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறேன், கைவிரல்கள் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. "ஆண்டவரே… வந்து… இவ ரொம்ப அலுத்துப் போயிருக்கா. நாங்க இருக்கோம். நீங்களும் இருக்கீங்க. ஆமென்."

கல்யாணமாகி 22 வருஷம். அந்த மனுஷனுக்கு ஜெபிக்க நான் இடமே விட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அலுத்துப் போயிருப்பதும் அவர் வாயால் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

குரல் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்களுக்கு எப்படி? இளைப்பாறுதல் என்று பிரசங்கத்தில் கேட்டதைச் சொல்ல வேண்டாம். அந்த இளைப்பாறுதலே உங்கள் மேலே விழுந்து அமுக்கிய நாள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கடலோரத்தான்:

டீச்சர், நாங்க கத்தோலிக்கங்க, மணப்பாட்டுப் பக்கம். இளைப்பாறுதல் தரேன்னு இயேசு கூப்பிடுற வசனம் உங்க பைபிள்ல "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே"ன்னு இருக்கும். எங்க மொழிபெயர்ப்புல "பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே". ரெண்டும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுது, அந்த ஆள் நான்தான்.

எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை தொழிலுக்குப் போகக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு. காலையில பூசை, அப்புறம் கடற்கரையில வள்ளமெல்லாம் மணல்ல ஏறிக் கிடக்கும். அப்பா அன்னைக்கு மட்டும் வலையைத் தொடமாட்டார். 1542-ல வேதம் போதிக்க வந்த சவேரியார் தங்குன குகை இருக்குல்ல, அதுக்குக் கிட்ட போய் உக்காந்து கடலையே பாத்துக்கிட்டிருப்பார். வாரம் பூரா பாக்குற கடலை லீவு நாள்லயும் போய்ப் பாக்குறாரேன்னு சின்னதுல சிரிப்பு வரும்.

எஞ்சினுக்கு வாங்குன கடன் கழுத்தை நெரிச்ச வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமை இருட்டோட நானும் மச்சானும் வேற கரையிலிருந்து கடலுக்குப் போனோம். புயல் அடிச்சுது, வலை அறுந்துதுன்னு எழுதுனா கதை நல்லா இருக்கும். அப்படி ஒன்னும் நடக்கலை. நல்ல மீன்பாடு. கை நிறைய காசு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அப்பா ஒரு வார்த்தை கேக்கலை, திட்டலை. சாப்பிட்டியான்னார். அதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். காசு வந்துச்சு, தூக்கம் போச்சு. திங்களும் ஞாயிறும் ஒன்னாயிட்டா அடுத்த நாள் எதுக்காக எந்திரிக்கணும்னே தெரியாமப் போயிடுது. இது கடல்ல இல்லாதவங்களுக்குப் புரியுமான்னு தெரியலை.

ஒரு பூசையில சாமியார் கடல் கொந்தளிக்கும்போது இயேசு படகுல தூங்குன பகுதியை வாசிச்சார். பின்பக்கத்துல, தலையணை வச்சு. நான் அதை இதுக்கு முன்னாடி நூறு தடவை கேட்டிருக்கேன். அன்னைக்குத்தான் யோசிச்சேன். பின்பக்கம் படகு ஓட்டுறவன் இருக்குற இடம். அங்க ஒருத்தன் படுத்தா இடைஞ்சல். முன்பக்கம், அணியத்துல படுத்தாலாவது ஓரமாக் கிடக்கலாம். அவர் ஓட்டுறவன் காலடியில படுத்திருக்கார். அங்க தூக்கம் வரணும்னா உடம்பு செத்த அலுப்புல இருக்கணும், இல்லன்னா ஓட்டுறவன் மேல அம்புட்டு நம்பிக்கை இருக்கணும். ரெண்டுமே இருந்திருக்கும்னு நினைக்கிறேன். படகு ஓட்டுறவன் கையை நம்பி ஆண்டவர் தூங்கியிருக்கார். நாமதான் அவர் கையை நம்பித் தூங்க மாட்டேங்குறோம்.

கடன் இன்னும் இருக்கு. ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறதை விட்டுட்டேன். இப்ப அப்பாகூட நானும் போய் உக்காருறேன்.

மூத்த மருமகள்:

இதைப் படிக்கிற சபைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன். "கர்த்தருக்குள் இளைப்பாறு" என்று யாராவது சொன்னாலே நாலு வருஷம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமியாருக்குப் பக்கவாதம். மூக்கில் குழாய் வழியாகச் சாப்பாடு. படுக்கைப்புண் வராமல் இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். ஜெபிக்க ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. சங்கீதம் வாசித்து, எண்ணெய் பூசி, என் தலையில் கைவைத்து, "நீ கவலைப்படாதே, அவருக்குள் இளைப்பாறு" என்பார்கள். நான் எழுந்துபோய் அவர்களுக்குத் தேநீர் போடுவேன். அவர்கள் போனபிறகு எட்டு டம்ளரையும் கழுவுவேன்.

எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிற ஒரு அக்கா இருக்கிறார். சபையில் எந்தப் பொறுப்பிலும் இல்லை, கடைசி பெஞ்சு. ஒரு வியாழக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு வந்து, "பெரியம்மாவை எப்படிப் புரட்டணும்னு ஒருவாட்டி காட்டு. காட்டிட்டு நீ போய்ப் படு" என்றார். ஜெபம் பண்ணலாமா என்று கேட்டேன். "நீ முதல்ல தூங்கு தாயி" என்றார்.

அடுத்த அறையில் பாய்கூட விரிக்கவில்லை, தரையிலேயே விழுந்தேன். எழும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். மாமியார் இடதுபக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கிறார், முதுகுக்குத் தலையணை சரியாகக் கொடுத்திருக்கிறது. அடுப்படியில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தது. திறந்தால் நாலு தோசையும் பூண்டுத் துவையலும். நின்றுகொண்டே சாப்பிட்டேன். அழுகை வந்தது, அதையும் சேர்த்துத்தான் சாப்பிட்டேன்.

வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்த இடத்தை அதற்கப்புறம் எடுத்துப் பார்த்தேன். தேவதூதன் வந்து அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, "போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறான். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. ஓரேப் மலைக்கு நடப்பதும், அங்கே கர்த்தர் பேசுகிற மெல்லிய சத்தமும் எல்லாம் அதற்குப் பிறகுதான். நம் பிரசங்கங்களில் மெல்லிய சத்தத்துக்கு அரைமணி நேரம், அடைக்கு ஒரு நிமிஷம்.

மாமியார் போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த அக்கா கடைசிவரை எல்லா வியாழனும் வந்தார்.

பாளை டீச்சர்:

மருமகளே, எங்கள் பெண்கள் ஐக்கியத்திலும் தேநீர் குடித்துவிட்டு வந்த வீடுகள் உண்டு. நானும்தான் குடித்தேன். பாடற்குழுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடியும் இருக்கிறேன்.

துபாய் தம்பி:

எங்களுக்கு இங்கே ரொம்ப வருஷம் வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. 2022 ஜனவரியில் அரசாங்க விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியது. எங்கள் கம்பெனியில் ஞாயிறு ஒருநாள்தான் லீவு. தொழிலாளர் கேம்பிலிருந்து ஜெபல் அலி சர்ச்சுக்கு வேனில் போவோம். உண்மையைச் சொல்கிறேன், வேனிலும் தூங்குவேன், பிரசங்கத்திலும் தூங்குவேன். முதல் பாட்டுக்கும் திருவிருந்துக்கும் மட்டும் முழிப்பு. ஆறுநாள் வெயிலில் நின்ற உடம்பு, ஏசி காற்றும் தமிழ்ச் சத்தமும் பட்டால் நிற்குமா? இது பாவமா அண்ணாச்சிமாரே?

ஓய்வுபெற்ற தபால்காரன்:

தம்பி, வேதத்திலேயே பவுல் பிரசங்கம் பண்ணும்போதே ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்திருக்கிறான். நீ ஜன்னலோரம் மட்டும் உட்காராதே, போதும்.

என் பங்குக்கு ஒன்று. 34 வருஷம் சைக்கிள் மிதித்தவன் நான். பென்ஷன் வந்த மறுவாரமே காலுக்கு வேலை இல்லாமல் போனது தாங்காமல் சபையில் இருக்கிற கமிட்டியிலெல்லாம் சேர்ந்தேன். சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு விறகு ஏற்பாட்டிலிருந்து கல்லறைத் தோட்டத்து வேலிவரை. போன வருஷம் பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்திலிருந்து வேன் போட்டுத் தோனாவூர் போனோம். (ப்ரஷ்ய நாட்டுத் தோனா பிரபு பணம் கொடுத்ததால் அந்தப் பெயர். கடிதம் பிரிக்கிற காலத்தில் ஊர்ப்பெயர் ஒவ்வொன்றுக்கும் கதை தேடிய பழக்கம், விட மாட்டேங்கிறது.)

ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண் குழந்தைகளை அங்கே எடுத்து வளர்த்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர் ஒருதரம்கூட ஊர் திரும்பவில்லை. 1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் தவறி விழுந்து கால் முறிந்தது. அன்றையிலிருந்து 1951 ஜனவரியில் இறக்கும்வரை, கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் படுக்கையும் அறையும்தான். வேனில் வந்த ஒரு ஐயா, "பார்த்தீங்களா, தேவன் அவங்களை இளைப்பாறப் பண்ணினார்" என்றார். எனக்கு ஒப்பவில்லை. வலியில் தூக்கமில்லாமல் கிடந்தவரை இளைப்பாறினார் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அந்த அறையிலும் அவர் புத்தகம் எழுதிக்கொண்டேதான் இருந்தார். விடுப்பே எடுக்காத ஒருவரை இளைப்பாறுதலுக்கு உதாரணம் காட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னைத் தொட்டது அவருடைய கல்லறைதான். கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். தாயைக் கூப்பிடுகிற ஒரே சொல், வேறு ஒன்றும் எழுதவில்லை. நான் நின்ற நேரத்தில் ஒரு தவிட்டுக்குருவி வந்து விளிம்பில் உட்கார்ந்தது. தண்ணீர் குடித்தது, சிறகை உதறியது, போகவில்லை, சும்மா இருந்தது. வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். எனக்கு நகர மனசில்லை. கமிட்டிக்காரன் நான், எல்லாரையும் எண்ணி ஏற்ற வேண்டியவன். அன்றைக்கு என்னைத்தான் தேடினார்கள்.

திரும்பி வந்து ரெண்டு கமிட்டியில் பெயரை எடுத்துவிட்டேன். விறகு வேலை மட்டும் வைத்திருக்கிறேன். அது எனக்குப் பிடிக்கும்.

துபாய் தம்பி:

நன்றி அண்ணாச்சி. இனிமேல் தூண் ஓரம்தான். டீச்சர், குரல் என்ன ஆச்சு?

பாளை டீச்சர்:

வந்துவிட்டது தம்பி, ஆனால் மேல் ஸ்தாயி எட்டவில்லை. கீழ்க்குரலான ஆல்ட்டோவுக்கு மாறிவிட்டேன். ஓய்வுநாள் பள்ளியை ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தாயிற்று, என்னைவிட நன்றாகவே கதை சொல்கிறாள், அது கொஞ்சம் வலித்தது என்பதையும் மறைக்கவில்லை.

டாக்டர் பேசச் சொன்ன அன்றைக்கு ராத்திரி 119-ம் சங்கீதத்தில் கடைசி எட்டு வசனம் பாக்கி இருந்தது. பழக்கதோஷத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பார்த்தால் அவர் எனக்கு முன்னாலேயே சட்டை மாற்றி, தலை வாரி, புத்தகத்தை மடியில் விரித்து, விரலை அந்த இடத்தில் வைத்துக் காத்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.