மறு: அக்ளைமடைசேஷன் – ‘உயரம் பழகல்’ சரிப்படுமா?

வணக்கம். உயரமான இடங்களுக்குப் போகிறவர்களுக்கான நம் கைப்பிரதியில், அங்கே உடம்பு மெல்ல மெல்லப் பழகுவதைக் குறிக்கும் ‘அக்ளைமடைசேஷன்’ என்ற சொல்லுக்கு ‘உயரம் பழகல்’ என்று போடலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘தட்பவெப்ப இணக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

புதுச்சேரி அம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் மலையேறுகிறவர் உடம்பைப் படுத்துவதில் குளிரைவிடப் பெரிய பங்கு காற்றழுத்தத்துக்கு. எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு நம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருக்கிற அதே 21 விழுக்காடுதான். அழுத்தம் மட்டும் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் அப்படியே குறைகிறது. கைப்பிரதியில் ‘தட்பவெப்பம்’ என்று போட்டால், விமானத்தில் நேராக 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லடாக்கின் லே நகரில் போய் இறங்கப்போகிற கடலூர்க்காரர் ஸ்வெட்டர் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்.

> அப்படியானால் ‘தகவமைப்பு’?

முதுநகர் ஐயா, பாடநூல்களில் அது அடாப்டேஷனுக்கு ஊன்றிவிட்டது, அங்கேயே இருக்கட்டும். திபெத்தியரிடம் ஈபிஏஎஸ்1 மரபணுவின் ஒரு வடிவம் பரவலாக இருக்கிறது. அதனால் அவ்வளவு உயரத்திலும் அவர்களுக்கு ஹீமோகுளோபின் நம்மைப்போல் எகிறுவதில்லை. அது தலைமுறைகளாக வந்த தகவமைப்பு. நாம் பேசுவது சில நாள், சில வாரத்தில் வந்து, கீழே இறங்கினால் போய்விடுகிற ஒன்றை.

நடப்பதைப் பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். மேலே போனதும் முதலில் மூச்சு வேகமாகிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது; உடனே மூளை மூச்சை அடக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியில்தான் ராத்திரி தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு பெருமூச்சாகக் கிளம்புகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்தே போவார். சிறுநீரகம் காரப்பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றிக் கணக்கை நேர்செய்யச் சில நாள் ஆகும். மலைக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் டயமாக்ஸ் மாத்திரை செய்வதும் அந்த வேலையைத் துரிதப்படுத்துவதுதான். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் சில மணி நேரத்திலேயே கூடினாலும், சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். முதல் சில நாளில் ஹீமோகுளோபின் அளவு ஏறித் தெரிவதற்குக் காரணம் வேறு: இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து மிச்சம் கெட்டியாகிவிடுகிறது.

இத்தனையும் ஒவ்வொன்றாக, அதனதன் வேகத்தில் நடக்கின்றன. ‘இணக்கம்’ என்றால் ஒத்துப்போய் முடிந்துவிட்ட மாதிரி ஒரு தொனி வருகிறது. ஏறத்தாழ 5,500 மீட்டருக்கு மேல் மனிதர் நிரந்தரமாகக் குடியிருக்க முடிவதில்லை. 8,000 தாண்டினால் உடம்பு தேயத்தான் செய்கிறது, எவ்வளவு காத்திருந்தாலும். அங்கே என்ன இணக்கம்?

அதனால்தான் ‘உயரம் பழகல்’. வினையாகவும் ஓடுகிறது: “நாம்சேயில் இரண்டு நாள் தங்கி உயரம் பழகினார்கள்” (நாம்சே, எவரெஸ்ட் போகும் வழியில் உள்ள ஊர்), “உயரம் பழகாதவர் மேலே போகவேண்டாம்.” மற்றதை இப்படி வினையாக்க முயன்று பாருங்கள், ‘செய்தல்’, ‘அடைதல்’ என்று வால் நீளும்.

> பழக்கம் என்பது டீ, சிகரெட்டுக்குச் சொல்வது. சிறுநீரகம் எதைப் பழகும்?

சரி, அதற்காகத்தான் ‘பழக்கம்’ வேண்டாம், ‘பழகல்’ என்கிறேன். “இந்த ஊர் வெயில் பழகிப்போச்சு” என்று நாமே சொல்கிறோமே, அதுவும் உடம்புக்குள் நடப்பதுதான். ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே துளிர்க்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. ஆக ‘வெயில் பழகல்’ என்று இன்னொரு சொல்லும் கூடவே கிடைக்கிறது. இதற்கே ‘ஒவ்வல்’ என்ற சொல்லும் உண்டு, எனக்கும் பிடித்தது. ஆனால் ‘ஒவ்வாமை’ அலர்ஜியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, இனிப் பிரிக்க முடியாது.

அப்புறம், நுரையீரலில் நீர் சேர்வதற்கு ‘நுரையீரல் நீர்க்கோவை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். நம் பக்கத்தில் நீர்க்கோவை என்றாலே தலைபாரத்துக்கு இழைத்துப் பற்றுப்போடுகிற மாத்திரைதான் நினைவுக்கு வரும். உயிர்போகிற ஆபத்துக்கு அந்தப் பெயர் ஆகாது. படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் உடனே கீழே இறக்கவேண்டும். பற்றுப்போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ‘நுரையீரல் நீர்த்தேக்கம்’ என்றே வைக்கலாம்.

இன்னொன்று பாக்கி. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது விதி. பகலில் அதைவிட மேலே போய்விட்டு இறங்கிவரலாம். அந்தத் தூங்கும் உயரத்தை நான் ‘படுக்கை உயரம்’ என்று எழுதினேன். கட்டிலின் உயரம் என்று படித்துவிட்டார்கள். ‘இராத்தங்கல் உயரம்’ எப்படி? வேறு தோன்றினால் வெள்ளிக்குள் எழுதுங்கள், கைப்பிரதி அச்சுக்குப் போகிறது.